லேசான கேள்வி

தேறினால் சிவனேஸ்வரிக்குப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் வேலை. கிளிநொச்சியில் நடந்த இங்கிலீசு வாய்மொழிச் சோதனைக்கு உருத்திரபுரத்திலிருந்து சைக்கிளில் ஏற்றிவந்த கணவன், வழிநெடுகச் சொற்களுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே வந்தான். ஒன்றிலும் அவள் பிழைவிடவில்லை.

ஆனால் சோதனை முடிந்து வெளியே வந்தவளின் முகம் வாடியிருந்தது.

"வாசிப்புப் பிழைச்சுப் போச்சோ?"

"இல்லை. பந்தியை வாசிச்சு, கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னனான். சோதனை எடுத்த அம்மா கேட்ட கடைசிக் கேள்விக்குத்தான் வாய் திறக்கேல்லை."

"விளங்காத சொல்லோ?"

"நல்லா விளங்கினது. லேசான கேள்விதான்."

"அடி விசரி! வயலுக்குத் தண்ணி கட்டேக்கையும் உனக்குச் சொல்லித் தந்தனான். லேசான கேள்விக்குப் போய் ஊமையா நிண்டியோ? அப்பிடி என்ன கேட்டவா?"

சிவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"புருஷன்ர பேர் என்ன எண்டு கேட்டவா."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இங்கிலீசிலதானே! சொல்லியிருக்கலாமே?"

"எந்தப் பாசையில சொன்னாலும் உங்கட பேர்தானே!"

கதவு திறந்தது. சோதனை எடுத்த அம்மா தாலிக்கொடியைச் சரிசெய்தபடி எட்டிப் பார்த்தார்.

"தம்பி, மற்றதெல்லாம் இவா வடிவாச் சொன்னவா. நானும் என்ர அவரின்ர பேர் சொல்லுறேல்லை. அந்த ஒரு மறுமொழியை நீங்களே சொல்லிப்போட்டு, ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"பரமலிங்கம், அம்மா!"