படிவம் ஏழு

“நான் செத்துட்டேனா சார்?”

அன்சார் போட்ட சத்தத்தில், ஒன்றிய அலுவலகத்தில் மனுத்தாக்கலுக்கு நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தேர்தல் வேலை பார்த்த தியாகராசன் வாக்காளர் பட்டியலை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தார்.

“சாகலைங்க. ஊரைவிட்டே குடிபோயிட்டதா மனு வந்திருக்கு. அதான் போன மாசம் உங்க பேரை எடுத்திருக்கு. பட்டியல்ல பேரு இல்லாதவங்க தலைவருக்கு நிக்க முடியாதுங்க.”

“குடிபோயிட்டேனா? சித்திரையில வந்தவன், இன்னிவரைக்கும் ஊர் எல்லையத் தாண்டல சார். ஆனியில பார்த்தப்பகூட பேரு இருந்துச்சே!”

“உங்க வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்குமே. மறுத்து யாரும் வரல. இனிமே படிவம் ஆறு குடுத்துதான் சேர்க்கணும். விசாரணை முடிய ஒரு வாரம் ஆகும்.”

மனு வாங்குவது அன்றைக்கு மூன்று மணியோடு முடிகிறது. அப்போதே மணி இரண்டு.

பதினோரு வருடம் ரியாத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோதெல்லாம் பட்டியலில் பத்திரமாக இருந்த பேர், ஊரோடு வந்து தங்கிய பிறகு காணாமல் போயிருக்கிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பத்து வருடம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. “ஜெயிச்சா வாய்க்காலைத் தூர் வாரி, கடைமடைக்குத் தண்ணி கொண்டாருவேன். இங்கேயே இருந்துடுவேன். தோத்தா மறுபடி ரியாத்துதான்” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கட்டுக்கட்டாகப் படிவம் வாங்கிப் போய் வீட்டுக் கூடத்தில் பரப்பிவைத்து, நாற்பத்து மூன்று பேரைப் பட்டியலில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஆறு எதற்கு, ஏழு எதற்கு என்று மனைவி ஆமினாவுக்குக்கூட உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். “புதுசா சேர்க்கறதுக்கு ஆறு. செத்தவங்க, ஊரைவிட்டுப் போனவங்க பேரை எடுக்கறதுக்கு ஏழு. புரிஞ்சுதா?”

கையில் வேட்புமனு கசங்கிக்கொண்டிருந்தது. அதில் முன்மொழிபவர் என்ற இடத்தில் ஆமினாவின் கையெழுத்து இருந்தது. “என் பேரை மொதல்ல நீதான் சொல்லணும்” என்று முந்தின நாள் ஆசையாகக் கேட்டு வாங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் பேங்க் டிராஃப்டை வாங்குவதற்காகவே அவள் பழகிய கையெழுத்து அது. கடைசி எழுத்து மட்டும் எப்போதும் கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடும்.

பழைய தலைவர் கோவிந்தராசு மனுவைக் கொடுத்துவிட்டு, கழுத்தில் மாலையோடு வாசல் பெஞ்சில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அன்சார் நேரே அவரிடம் போனார்.

“அண்ணே, உங்களுக்கே இது நல்லாருக்கா? எதுக்க நின்னு தோக்கடிச்சிருக்கலாமே! முதுகுல குத்திட்டீங்களே!”

கோவிந்தராசு சோடாவைக் கீழே வைத்தார். “பாய், எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல. உன்னை ஓட்டுல தோக்கடிக்கணும்னு ஆசப்பட்டேன். அது உண்மை. இந்த மாதிரி ஈனப் பொழப்பு எனக்குத் தெரியாது.”

“வேற யாருக்கு அண்ணே நான் நிக்கறது கண்ணை உறுத்துது?”

“அதையும் பார்த்துடுவோம் வா.” கோவிந்தராசுவே அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். “சார், எந்தப் பய குடுத்தான்னு எடுத்துக் காட்டுங்க. எம் மேல பழி வருது.”

தியாகராசன் பெருமூச்சு விட்டு, ஒரு பழைய கட்டைப் பிரித்தார். பத்து நிமிடம் தேடியதும் படிவம் ஏழு கிடைத்தது. மனு எழுதிக்கொடுக்கும் யாரோ ஒருவருடைய கிறுக்கல். ‘நிரந்தரமாக வெளிநாடு சென்றுவிட்டார்’ என்று காரணம் எழுதியிருந்தது.

அன்சார் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு தன் வேட்புமனுவைப் பிரித்துப் பார்த்தார். மறுபடியும் படிவத்தைப் பார்த்தார்.

“யாருய்யா?” என்றார் கோவிந்தராசு.

அன்சார் படிவத்தை மேசைமேல் வைத்தார். கோவிந்தராசுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்கண்ணே. உங்க மேல தப்பில்ல.” வெளியே வந்து வண்டியை எடுத்தார்.

வழியெல்லாம் பழைய கேசட்டுகள்தான் நினைவில் ஓடின. ரியாத்துக்கு மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவாள் ஆமினா. பிள்ளைகள் சேதி, மழை சேதி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் “எப்ப வருவீங்க மச்சான்?” என்று தேம்பியழுவாள். அந்த ஒரு வரிக்காகத்தான் விசாவை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தார்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் ஆமினா. அவளுக்குப் பின்னால் பூசாத சுவரும் துருப்பிடித்த கம்பிகளுமாக, அவர் ஊர் வந்ததிலிருந்து பாதியில் நிற்கும் மாடி.

“மனு குடுத்தாச்சா மச்சான்?”

“படிவம் ஏழைப் பார்த்தேன். கடைசி எழுத்து கீழ இறங்கியிருந்துச்சு” என்றார் அன்சார்.

அவள் அழவில்லை, மறுக்கவும் இல்லை. மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கேசட்டில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

“திரும்பி எப்ப போவீங்க மச்சான்?”