கம்பு நிற்கும் பக்கம்

கத்தரியின் நுனி தையலுக்குள் நுழைந்துவிட்டது.

அவள் இன்னும் வெட்டவில்லை.

மேசையில் நாற்பது இலங்கைக் கைக்கொடிகள். எல்லாம் அவள் தைத்தவை. சுதந்திர தினத்துக்கு, இப்போது எதிரே நிற்கும் இதே வெள்ளைச் சட்டைக்காரன்தான் வந்து, அரை நாள் பேரம் பேசி, கடைசியில் கம்புகளை இனாமாகக் கேட்டு வாங்கிப் போனான்.

இன்று அவற்றையே திரும்பக் கொண்டுவந்திருந்தான். பேரம் இல்லை.

சிங்கம் இருக்கட்டும், ஓரத்து இரண்டு கோடுகளையும் பிரித்துவிடு என்றான். செம்மஞ்சள் தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்று நாடு ஒரு காலத்தில் ஒதுக்கிக் கொடுத்த இடம். கைக்கொடியில் இரண்டும் சேர்ந்து ஒரு சாண் வராது. அதுவே அதிகம் என்றுதான் சந்தியில் ஊர்வலம் நிற்கிறது.

அரை மணி நேரம் தந்திருந்தான்.

"கடை நல்ல கடை" என்றும் சொன்னான், சிங்களத்தில், சுவர்களைச் சுற்றிப் பார்த்து.

கொழும்புப் புறக்கோட்டையில் அதைப் பாராட்டு என்று நினைக்கும் அளவுக்கு யாரும் புதியவரில்லை.

வெளியே பாதி இறங்கிய ஷட்டர்கள். கீழே கால்கள் மட்டும். சிலர் கைதட்டினார்கள். சிலர் ஃபோனில் படம் பிடித்தார்கள். வாங்கிய சாமானுக்கு ஒரு பை கேட்டால் முகம் சுளிக்கிற எதிர்க்கடை முதலாளி, ஊர்வலத்துக்குத் தண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தார். குளிரவைத்து.

வெள்ளைச் சட்டைக்காரன் வாசலுக்குப் போய்ச் சந்தியைப் பார்த்தான்.

அந்த இடைவெளியில், பின்கதவால் பாத்திரக்கடை குணநாயகம் உள்ளே வந்தார்.

"தங்கச்சி, ரெண்டையும் குடுக்கிறது நட்டம். எந்த யாவாரத்திலயும் கேட்டதை முழுசாக் குடுக்கிறேல்லை. ஒண்டைக் குடுப்பம். ஒண்டைக் காப்பாத்துவம்."

"எந்த ஒண்டை, அண்ணை?"

அவர் துணியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குடைக்கடை.

"பச்சை ஓரத்திலதானே இருக்கு. சுகமாக் கழண்டுவரும்."

குடைக்கடை ரசீன் நானா அவருக்குப் பின்னால்தான் நின்றார்.

"ஓரத்த எடுத்தா முழுசும் பிரிஞ்சிடும், தங்கச்சி. நடுவுல ஈக்கிறத எடுங்க. ரெண்டு பக்கத்தையும் இழுத்துத் தச்சா தெரியவே தெரியாது."

நடுவில் இருந்தது செம்மஞ்சள்.

பதினெட்டு வருடமாக அவள் கடைக்கு இரண்டு பக்கமும் இவர்கள்தான். நோன்புப் பெருநாளுக்குக் குடைக்கடையிலிருந்து வட்டிலப்பம் வரும். தீபாவளிக்குப் பாத்திரக்கடையிலிருந்து முறுக்குப் போகும். தட்டு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

அடுத்தவன் சரக்கை வைத்து இவ்வளவு தாராளமாகப் பேரம் பேச எங்கே படித்தார்கள்?

வாசலில் இருந்தவன் திரும்பினான். இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான்.

"விலை பேசுகிறார்கள்" என்றாள், அவன் மொழியில்.

இருவரும் பின்கதவால் போனார்கள்.

அவள் வெட்டினாள்.

கம்பை உருவி, துணியை விரித்து, செம்மஞ்சளும் சிங்கத்தின் சிவப்பும் சேருகிற தையலில் ஒரே இழுப்பு. செம்மஞ்சளும் பச்சையும் ஒன்றையொன்று விடாமல் ஒரே துண்டாகக் கழன்று வந்தன. அவள் தையல் அப்படி.

கோபத்தில் கை வேகமாக ஓடியது. யார் மேல் கோபம் என்று கேட்டிருந்தால், வாசலில் நின்றவன் மூன்றாவதாகத்தான் வந்திருப்பான்.

நாலாவது கொடியில் அவளுக்கு அது தெரிந்தது.

கம்பு சொருகத் தனியாக உறை தைத்தால் துணி வீண். அதனால் பச்சையை ஓர் அங்குலம் கூட்டி வெட்டி, மடித்து, அதையே உறையாக்கியிருந்தாள். எல்லாக் கொடியிலும். எல்லா வருடமும்.

ஐந்தாவதை எடுத்து, அதே தையலில் இழுத்தாள்.

நாற்பதாவதைப் பிரித்து முடிக்கவும் சந்தியில் கோஷம் கிளம்பியது. அவன் கொடிகளை அள்ளினான். கம்புகளைப் பார்த்தான். ஒரு கொடியைப் புரட்டினான். இன்னொன்றைப் புரட்டினான்.

"எதில் போடுவது?"

"கம்பு நிற்கிற பக்கம் அதுதான்" என்று தரையில் கிடந்த துண்டுகளைக் காட்டினாள். "புதிதாகத் தைக்க இரண்டு மணி நேரம்."

ஊர்வலம் நகரத் தொடங்கியிருந்தது. அவன் கெட்ட வார்த்தை ஒன்றை விட்டுவிட்டு, வெறும் துணிகளோடு ஓடினான்.

நாற்பது பேரும் கடையைக் கடந்து போனார்கள். உயர்த்திப் பிடிக்க வழியில்லை. மூலையைப் பிடித்தால் சிங்கம் தலைகீழாகத் தொங்கியது. இரண்டு கையாலும் பிடித்தால் முகம் மறைந்து, முன்னால் போகிறவனில் மோதினார்கள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த உடுப்பைத் திருடிக்கொண்டு ஓடுகிற கூட்டம் மாதிரி இருந்தது.

எதிர்க்கடை முதலாளி அதற்கும் கைதட்டினார்.

ஊர்வலத்தின் வால் இன்னும் தெருவைத் தாண்டவில்லை.

அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். பச்சை, செம்மஞ்சள். ஒரு கம்பை எடுத்து உறைக்குள் விட்டாள். இறுக்கமாக, சரியாகப் போய் உட்கார்ந்தது.

வாசற்படிக்குப் பக்கத்தில், கதவின் கொளுக்கியில் அதைச் செருகினாள்.

நிமிர்ந்து நின்றது.

வாலில் போனவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனின் தோளைத் தட்டினான்.

இரண்டு பக்கத்துக் கடை ஷட்டர்களுக்குக் கீழிருந்தும் இரண்டு தலைகள் வெளியே வந்தன. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் பேசினார்கள். பதினெட்டு வருடத்தில் பேரமே இல்லாமல் அவர்கள் ஒத்துப்போனது அன்றுதான்.

"உள்ளுக்கு எடு, தங்கச்சி!"

அவள் உள்ளே போனாள்.

அடுத்த கம்பை எடுத்தாள். இன்னும் முப்பத்தொன்பது இருந்தன.