எந்த மடையன் போட்ட பாகமோ!

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கூலி கேட்பானே என்று, தாத்தா காலத்துக் காரைத் தானே பழுது பார்க்கக் கிளம்பினார் ரிட்டயர்டு கணக்கர். தெரு அவருக்கு வைத்த பெயர் ‘இன்ஜினியர்’. இன்ஜினியர் வண்டியை அக்கக்காகக் கழற்றினார். எது எங்கே இருந்தது என்று ஒரு அடையாளமும் வைக்காமல், சாக்கு மூட்டைகளில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இது நகரலேன்னா, மொத்தத்தையும் எடைக்குப் போட்டுடுவேன்” என்று மனைவி கெடு வைத்தாள்.

“போடி! அந்தத் துருப்பிடிச்ச மூட்டை யாருக்கு வேணும்? மூளை உள்ளவன் சல்லிசா வேற வாங்கி மாட்டுவான்.”

சொன்னபடியே பழைய இரும்புக் கடையில் ஹெட்லைட் வளையம் அகப்பட்டது. மறுநாள் கதவுக் கைப்பிடி, அப்புறம் ஹாரன். எல்லாம் பளபள.

“அத்தனையும் ஒரிஜினல்! திருகாணி ஓட்டைகூட அச்சா பொருந்துது பாரு. எந்த மடையன் இதைத் தூக்கிப் போட்டானோ!”

“பாவம், யாரோ” என்று மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை, கார்புரேட்டர் மட்டும்தான் பாக்கி. இன்ஜினியர் மீசையை முறுக்கியபடி கடைக்குப் போனார்.

“அது ஒண்ணு கிடைச்சா போதும்யா. நாளைக்கு வீட்டுக்காரி மூஞ்சியில புகையை அடிச்சுட்டுக் கிளம்பிடுவேன்!”

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சார். கட்டிலுக்கடியில கடைசி மூட்டை ஒண்ணு இருக்காம். நீங்க வெளிய கிளம்பினதும் கொண்டு வர்றேன்னு உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்க. வந்ததும் மண்ணெண்ணெய்ல கழுவித் தர்றேன்.”