அந்த ஒரு ஓட்டு

“தலைவருக்கு அறுபத்து மூணு. எதிர்த்து நின்னவருக்கு ஒண்ணு.”

ஓட்டுப் பெட்டியாக இருந்த செருப்பு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டு, ஓட்டு எண்ணிய பல் டாக்டர் உட்கார்ந்தார். அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடமே சிரிப்பில் அதிர்ந்தது. தலைவரின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

“அந்த ஒண்ணும் அவரே போட்டுக்கிட்டதுதான்,” என்றாள் மூன்றாம் மாடி டீச்சர்.

எதிர்த்து நின்றவர் அரசு அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். நாட்டின் அரசியல் சட்டத்தை ஐந்து பதிப்புகளுக்கு எழுத்தெழுத்தாகப் படித்த மனுஷன். படித்ததோடு விட்டிருக்கலாம். நம்பியும் தொலைத்துவிட்டார்.

அந்தக் கட்டிடத்தில் பதினோரு வருடமாகச் சங்கத் தலைவர் தேர்தல் என்றால் ஒரே மாதிரிதான். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று தலைவரே கேட்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். தட்டாத கை எது என்று தலைவரின் கண் ஒரு சுற்று சுற்றி வரும். இரண்டு நிமிடத்தில் ஜனநாயகம் முடிந்து பிஸ்கட் வந்துவிடும்.

இந்தத் தடவை, தேர்தலை அறிவித்த கூட்டத்திலேயே பிழை திருத்துபவர் எழுந்துவிட்டார். “விதிப்படி ரகசிய ஓட்டு வைக்கணும். அதுக்கு ரெண்டு பேர் நிக்கணும். வேற யாரும் இல்லைன்னா நான் நிக்கிறேன்.”

நின்றதற்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர். “ஒத்த ஓட்டு வர்றாரு, இடம் விடுங்க,” என்று லிஃப்டிலேயே சொன்னார்கள். அவரும் சிரித்துவைத்தார். சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் போனால் அங்கே பேச ஆள் இல்லை. மனைவி போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

வேறு ஊரிலிருந்து மகள் போன் செய்தாள்.

“ஏம்ப்பா, இருக்கிற இடத்துல சும்மா இருக்கக் கூடாதா? உங்களுக்கு நீங்களே ஓட்டுப் போட்டுக்கிட்டீங்களாம். டீச்சர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.”

“நான் எனக்குப் போடலைம்மா. தலைவருக்குத்தான் போட்டேன்.”

“எதிர்த்து நின்னுட்டு அவருக்கேவா?”

“பம்பு ரிப்பேர்காரர்கிட்ட சத்தம் போட்டு வேலை வாங்க அவராலதான் முடியும். என்னால முடியுமா? தேர்ந்தெடுக்கிறதுக்கு ரெண்டு பேராவது வேணுமேன்னு நின்னேன்.”

“சரிப்பா,” என்றாள் மகள். அவள் நம்பவில்லை என்பது அந்தச் ‘சரி’யிலேயே தெரிந்தது.

ஆனால், ஊருக்குத் தெரியாத ஒன்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அந்த ஓட்டு அவர் போட்டதில்லை. இத்தனை வீடுகளில் யாரோ ஒருவர் அவர் பக்கம் இருக்கிறார்.

அந்த யாரோ ஒருவரை நினைத்துத்தான் அவருக்கு விடிந்தது. எட்டாம் மாடி நர்ஸாக இருக்குமோ? எப்போதும் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் டாக்ஸி டிரைவரோ? கேட்டுவிடலாம். ஆனால், ரகசிய ஓட்டு வேண்டும் என்று மல்லுக்கு நின்றவரே வீடு வீடாகப் போய் யார் போட்டது என்று கேட்பதா? அது மட்டும் அவரால் முடியவில்லை.

அதற்குப் பதிலாக, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை வாசல் கதவைத் திறந்து வைத்தார். மேஜையில் இரண்டு கோப்பை. டீ ஆறிப்போகும், கொட்டிவிட்டுக் கழுவுவார். வருடம் முழுக்க உள்ளே வந்தது பக்கத்து வீட்டுப் பூனை ஒன்றுதான். அதுவும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பரபரப்பாக எழுந்தார். வந்தது தலைவர்.

“கதவு திறந்திருந்துச்சு. வரலாமா?”

“வாங்க,” என்றார். குரலில் சுருதி இறங்கிவிட்டது.

தலைவர் ஒரு தாளை மேஜையில் வைத்தார். “கையெழுத்துப் போடுங்க. இந்த வருஷமும் நீங்க நிக்கணும்.”

“போதும் சார். ஒரு தடவை சந்தி சிரிச்சது போதும்.”

“நீங்க நிக்கலைன்னா பழையபடி கைதட்டல்தான்.”

“உங்களுக்கு அதுதானே சௌகரியம்?”

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “போன வருஷம் ஓட்டுக்கு முன்னால வீடு வீடா ஏறி, என் வீட்டுக்கும் வந்து, தண்ணித் தொட்டியைக் கழுவி மூணு வருஷம் ஆச்சுன்னு சொன்னீங்க. மறுநாளே ஆள் விட்டுக் கழுவினேன். பன்னெண்டு வருஷத்துல என் மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். கைதட்டுறவங்க ஒருத்தர்கூட என் வீட்டுப் படி ஏறினதில்லை சார். எதிர்க்க ஆள் இல்லைன்னா கூட ஆள் இருக்குன்னு அர்த்தம் இல்லை.”

பிழை திருத்துபவர் இரண்டாவது கோப்பையில் டீயை ஊற்றி நகர்த்தினார்.

“அப்புறம் ஏன் அன்னைக்கு அப்படிச் சிரிச்சீங்க?”

“நான் மட்டும் சிரிக்காம இருந்தா, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாங்க.”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“நீங்களாவது நம்புங்க சார். நான் எனக்கு ஓட்டுப் போட்டுக்கலை. உங்களுக்குத்தான் போட்டேன்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்? என் மகளே நம்பலை.”

தலைவர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பூஜ்யம்னு வந்துட்டா அப்புறம் எந்த வருஷமும் யாரும் நிக்க மாட்டாங்களேன்னு, உங்களுக்கு அந்த ஒரு ஓட்டைப் போட்டதே நான்தான்.”