பெரிய பைன் மரத்தின் மெத்தை

மலைச்சரிவில் ஒரு பெரிய பைன் மரம் இருந்தது. பல வருடங்களாக உதிர்ந்த ஊசியிலைகள் அதன் காலடியில் காய்ந்து குவிந்து கிடந்தன. தன் அந்தஸ்துக்காக விரித்த மெத்தை என்றே மரம் அதை நினைத்துக்கொண்டிருந்தது.

கோடை வருவதற்கு முன்பே சருகை எரித்துவிட வனக்காவலர்கள் சின்னத் தீ ஒன்றை மூட்டினார்கள். அது ஒவ்வொரு மரத்தடியாகச் சருகைத் தின்றுகொண்டே வந்து பெரிய மரத்தின் முன்னால் பணிவாக நின்றது.

"ஐயா, கீழே கிடப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பட்டை கொஞ்சம் கருகும், அவ்வளவுதான்."

"என் காலில் கரி பூச நீ யார்?" என்ற மரம், தனக்கு வேண்டப்பட்ட காற்றிடம் சொல்லி அந்தச் சின்னத் தீயைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"எனக்கும் சுடத்தான் செய்தது அண்ணே, பொறுத்துக்கொண்டேன்" என்றது பக்கத்து மரம்.

"உனக்கு மானம் கிடையாது, பொறுத்துக்கொண்டாய்."

கோடையில் மின்னல் விழுந்து பெருந்தீ கிளம்பியது. அது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பக்கத்து மரத்தடியில் தின்ன ஒன்றும் இல்லாததால் அதைக் கடந்து வந்து பெரிய மரத்தின் மெத்தையில் ஏறியது. மரம் பதறிப்போய்க் காற்றைக் கூப்பிட்டது. காற்றும் ஓடி வந்தது. தீ உச்சிவரை போய்விட்டது.

மறுநாள், ஓர் இலைகூட மிஞ்சாமல் புகைந்துகொண்டிருந்த பெரிய மரம் பக்கத்து மரத்தை மெல்ல அழைத்தது. அண்ணனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அதுவும் ஆவலாகக் காதுகொடுத்தது.

"பார்த்தாயா? நான் விரட்டிய கோபத்தில் அந்தப் பொடியன் போய்த் தன் அப்பனைக் கூட்டி வந்துவிட்டான். இனிமேல் நீயும் அவனைக் கிட்டே சேர்க்காதே."