மாற மறுத்த விலாசம்

"எவன்னு மட்டும் தெரியட்டும் ஸ்டெர்யோஸ் அண்ணே, அவனை நடுத்தெருவுல நிக்க வச்சு நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்!"

கரிஃபாலியா கைப்பையை மேஜைமேல் எறிந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஆடியது. கிரேக்க நாட்டின் வோலோஸ் நகரமே கடையடைத்துவிட்டு மதியத் தூக்கம் போடுகிற நேரம். காபிக்கடையில் அவளையும் முதலாளி ஸ்டெர்யோசையும் தவிர ஈ காக்காய் இல்லை.

"மறுபடியுமா?" என்றார் ஸ்டெர்யோஸ், காபிப் பொடியை அளந்தபடி.

"மறுபடியும்தான்! போன வாரம்தான் அந்த இணைய டைரக்டரிக்கு எழுதிப் போட்டு, கடை விலாசத்தைத் துறைமுகத் தெருவுக்கு மாத்த வச்சேன். இன்னிக்குக் காலைல பார்த்தா, எவனோ திரும்பவும் இதே கட்டடம், இதே மாடின்னு மாத்தி வச்சிருக்கான்!"

இந்தக் காபிக்கடைக்கு நேர் மேலேதான் பல வருஷம் அவளுடைய செல்போன் ரிப்பேர் கடை இருந்தது. ஊரார் போனையெல்லாம் சரிசெய்தவளின் கடைக்குச் சொந்தமாக ஒரு போன் இல்லாத ஆரம்பகாலமும் உண்டு. யாராவது கூப்பிட்டால் ஸ்டெர்யோஸ்தான் மாடிப்படிக்குக் கீழே நின்று தெருவுக்கே கேட்கும்படி அவள் பேரைக் கூவுவார். போன இலையுதிர்காலத்தில்தான் பெரிய இடமாகப் பார்த்துத் துறைமுகத் தெருவுக்குப் போனாள்.

"ஒரே ஒரு டைரக்டரியிலதானே தப்பா இருக்கு? அதுக்குப் போய் ஏன் இந்தக் குதி குதிக்கிற?"

"அந்த ஒண்ணுதாண்ணே உயிரை எடுக்குது! வெப்சைட் போட்டுக் குடுத்தவர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். எல்லா டைரக்டரியிலயும் பேர், விலாசம், நம்பர் ஒரே மாதிரி இருக்கணுமாம். அப்பத்தான் யாராவது நெட்ல தேடினா நம்ம கடை மேல வரும். ஒண்ணு இங்கன்னும் இன்னொண்ணு அங்கன்னும் சொன்னா, நெட் நம்பாம நம்மளக் கொண்டுபோய்க் கடைசில தள்ளிடும். தள்ளிடுச்சு! இப்ப என்னைத் தேடினா நானே எனக்குக் கிடைக்க மாட்டேங்கறேன்."

கோபத்தில் ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்தது.

"ஈஸ்டருக்குள்ள நிலைமை மாறலைன்னா கடையை மூட வேண்டியதுதான். அக்கா மாதிரி நானும் ஜெர்மனிக்குப் போய் எவன்கிட்டயாவது கைகட்டி நிக்கணும்."

ஸ்டெர்யோசின் முகம் சிவந்தது. "ஜெர்மனிக்கா? நீயா? அடுத்தவன் வயித்துல அடிக்கிற அந்தக் கழிசடை விளங்குவானா? ஸ்டேஷன்கிட்ட போன் கவர் விக்கிறானே, அவன் வேலையா இருக்குமோ?"

"அவன் முழியே சரியில்லண்ணே. நானும் அவனைத்தான் நினைச்சேன்."

வாசல் மணி கிணுகிணுத்தது. பருத்த அம்மாள் ஒருத்தி, அரிசி நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் புதைத்த செல்போனோடு மூச்சிரைக்க வந்தாள். "கடல்ல விழுந்துடுச்சுங்க. செல்போன் ரிப்பேர் மாடியிலதானே? கதவு பூட்டியிருக்கே?"

கரிஃபாலியா வாயைத் திறப்பதற்குள் ஸ்டெர்யோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். "உக்காருங்கம்மா. முதல்ல ஒரு காபி சாப்பிடுங்க. கடை ஒண்ணும் ஓடிடாது."

"கடை ஓடிப்போய் ஆறு மாசமாச்சு!" என்று வெடித்தாள் கரிஃபாலியா. "நான்தாம்மா கடைக்காரி. சாயங்காலம் கடை திறந்ததும் துறைமுகத் தெருவுக்கு வாங்க, பார்த்துத் தரேன்." அந்த அம்மாள் பையோடு வெளியேறியதும் ஸ்டெர்யோசிடம் திரும்பினாள். "பார்த்தீங்களாண்ணே? இப்படித்தான் தினமும் ஜனங்க அலையுதா?"

"வர்றாங்க, போறாங்க. வழி சொல்லித்தான் அனுப்பறேன்."

"உங்களுக்குத்தான் பாவம், வீண் தொல்லை."

"உனக்கு இதுகூடச் செய்யமாட்டேனா, தங்கச்சி?" என்றவர் காபியை அவள் முன்னால் வைத்தார். "இது என் கணக்கு. பையைத் தொடாத."

அவள் நெகிழ்ந்துபோனாள். ஊரில் நல்லவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டறேன். எப்ப புகார் பண்ணாலும் 'கடைக்காரரே மாத்தியிருக்கார்'னு பதில் வருது. கடைக்காரி நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்! இப்ப 'இது என் கடை'ன்னு உரிமை கேக்கப் போறேன். கடையை முதமுதல்ல பதிஞ்சப்ப என்ன நம்பர் குடுத்தோமோ, அதுக்கு அவங்களே போன் பண்ணி ஒரு ரகசிய எண் சொல்வாங்களாம். அதை வச்சாத்தான் கடைக்காரங்க தாங்களே எதையும் மாத்த முடியுமாம்."

"இப்பவே எதுக்கு? காபி ஆறுது பார்."

"ஆறட்டும்."

திரையைத் தட்டிவிட்டு, செல்போனை மேஜையின் நடுவில் வைத்து, அது எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அடிக்கவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காபிக்கடை போன் அலறியது.

ஸ்டெர்யோஸ் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த மேஜை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாடிக்குக் குடிவந்த முதல் வாரம், டைரக்டரியில் இந்தக் காபிக்கடை நம்பரைத்தான் கொடுத்தோம் என்பது கரிஃபாலியாவுக்கு மெல்ல நினைவு வந்தது.

"எடுங்கண்ணே," என்றாள். "உங்களுக்குத்தான்."

ஸ்டெர்யோஸ் துணியை வீசி எறிந்தார். காலியாகக் கிடந்த மேஜைகளை ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காட்டினார். அவர் குரலில் இருந்த ஆத்திரம் அவளுடையதற்குக் கொஞ்சமும் குறையவில்லை.

"மாடியில உன்கிட்ட போனைக் குடுத்துட்டுக் காத்துக்கிட்டிருந்தவங்கதான் இந்த மேஜையில எல்லாம் காபி குடிச்சாங்க. கடையை மாத்தறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"