ஓரத்தில் ஒரு 'பாவம்'

ஞாயிறு பிற்பகல் மூன்றேகால். நாளிதழைக்கூட முழுதாகப் படிக்காத தணிகாசலம், மனைவி வசுமதி படித்து வைத்திருந்த சிறுகதைப் புத்தகத்தை விடாமல் படித்துக்கொண்டிருந்தார். எந்தக் கதையிலும் புருஷனும் பெண்டாட்டியும் ஒழுங்காக இல்லை. ஏழாவது கதையில் ஒருவன் மனைவியோடு ஆறு வருடம் பேசாமலிருந்தே செத்துப்போகிறான். அவன் பெயருக்குப் பக்கத்தில் வசுமதி பென்சிலால் 'பாவம்' என்று எழுதியிருந்தாள். போன மாதம் தணிகாசலம் மாடிப்படியில் உருண்டபோது, "பார்த்து வரக்கூடாதா?" என்றுதான் அவள் கேட்டாள்.

அவர் அந்த வார்த்தையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். அது கருப்பாகப் பரவியதே தவிர அழியவில்லை. காப்பியோடு வந்தவளிடம் பக்கத்தைக் காட்டினார்.

"நானும் உன்கூட பேசாமலே இருந்தா, எனக்கும் இதை எழுதுவியாடி?"